உங்களுக்குத் தெரியுமா? ஊரடங்கில் உறுப்பு தானம்!

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி எந்த மாவட்டத்துக்காரர் தெரியுமா? நம்ம காஞ்சிபுரம்! ஓமனிலிருந்து திரும்பிய 45 வயதுப் பொறியாளர். உறுதியான நாள் 2020 மார்ச் 7. செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்து அன்றைக்குச் சரியாக 99 நாள்!

அந்தக் கிருமி தொற்றியவர்களை மட்டும்தான் வாட்டியது என்று நினைக்கிறீர்களா? சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களைக் கேளுங்கள்! ஒரு தும்மல்கூட வராதவர்கள். அவர்களுடைய வரிசை அப்படியே நின்றுபோனது!

எண்ணைப் பாருங்கள்! 2019-ல் தமிழ்நாட்டில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்புகளைத் தந்தவர்கள் 127 பேர். 2020-ல்? வெறும் 55!

சரி, அடுத்த ஆண்டாவது நிமிர்ந்ததா? 2021-ல் 60! அந்த ஆண்டு மே 21-ம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் தொற்று உறுதியானவர்கள் 36,184 பேர். எந்த ஐசியூவில் கட்டில் காலியாக இருந்திருக்கும், சொல்லுங்கள்!

நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அதே 2021-ல் தெலங்கானாவின் கணக்கு என்ன தெரியுமா? 162! நம்மைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்!

ஒருவர் தந்தால் எத்தனை பேர் பிழைக்கலாம்? இதயம் 1. நுரையீரல் 2. கல்லீரல் 1. சிறுநீரகம் 2. கணையம் 1. சிறுகுடல் 1. கூட்டிப் பாருங்கள், 8 பேர்! கண்ணும் தோலும் எலும்பும் இதில் சேர்த்தியே இல்லை!

இந்தியா முழுக்க 2019-ல் நடந்த உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகள் 12,666. 2020-ல் 7,443. ஒரே வருடத்தில் காணாமல் போனவை 5,223!

இறந்தபின் தானம் தந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால்? 715-லிருந்து 351-க்குச் சரிவு. நாடு முழுவதற்கும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒருவர்கூட இல்லை!

இப்போது நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள். 22 நாடுகளின் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் கூட்டிப் பார்த்தார்கள். 2020-ல் உறுப்பு மாற்று 16 சதவீதம் சரிந்திருந்தது. 11,253 அறுவை சிகிச்சைகள் நடக்காமலே போயின. அதனால் காத்திருந்தவர்கள் இழந்த ஆயுள் எவ்வளவு தெரியுமா? மொத்தம் 48,239 ஆண்டுகள்! நம்ம உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு பொறித்தே 1,100 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைப்போல 43 மடங்கு காலம், ஒரே வருடத்தில், மனிதர்களின் கையிலிருந்து நழுவிவிட்டது!

அந்த 22 நாடுகளில் அதிகம் சரிந்தது எது? ஜப்பான்! 66 சதவீதம்!

எந்த உறுப்பு அதிகம் அடிவாங்கியது? சிறுநீரகம்! 19 சதவீதம் குறைந்தது. இதயமோ 5 சதவீதம்தான்! சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் என்ற தாங்குகட்டை இருக்கிறது, 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடலாம். இதயத்துக்கு யார் சொல்ல முடியும்!

பிரான்சில் முதல் அலையின் சில வாரங்களிலேயே இறந்தவர் உறுப்பைப் பொருத்தும் சிகிச்சை 90 சதவீதம் படுத்துவிட்டது. அமெரிக்காவில் 51 சதவீதம்!

உறுப்பு தானத்தில் உலகின் ராஜா ஸ்பெயின். கொரோனாவுக்கு முன்பே பத்து லட்சம் பேருக்கு 49 பேர் தந்த நாடு. அங்கேயே முதல் ஊரடங்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 7.2 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 1.2 ஆகச் சுருங்கியது. உறுப்பு மாற்று 16.1-லிருந்து 2.1! இந்தியாவில் பத்து லட்சத்துக்கு எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? கொரோனா இல்லாத நல்ல காலத்திலேயே ஒன்றைத் தொடவில்லை!

ஆனால் இதைக் கேளுங்கள். வசந்தத்தில் அப்படி விழுந்த அமெரிக்கா, அதே 2020 முடியும்போது இறந்தபின் தந்தவர்களில் சாதனையே படைத்துவிட்டது! 12,500-க்கும் மேல்! அதற்கு முன் எந்த வருடமும் அத்தனை பேர் இல்லை! அங்கே குறைந்தது உயிரோடு இருப்பவர்கள் தரும் தானம்தான். நல்ல உடம்போடு இருப்பவரைத் தொற்று நடமாடும் ஆஸ்பத்திரிக்குள் யார் கூப்பிடுவார்கள்!

நம்ம ஊருக்கு வருவோம். ஊரடங்கில் சாலை காலி. விபத்து குறைந்தது, நல்லதுதான். 2019-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 10,500-க்கும் மேல். 2020-ல் சுமார் 8,000. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. உறுப்பு தானமோ பாதிக்கும் மேல் குறைந்தது! அப்படியானால் மீதிச் சரிவு எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனேன். கிடைத்தவை எல்லாம் தங்கம்!

முதல் காரணம், கட்டில். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் கெடாமல் இருக்க வேண்டுமானால் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதே வென்டிலேட்டருக்குத்தான் வராண்டாவில் மூச்சுத் திணறலோடு பத்துப் பேர்!

இரண்டாவது, மூளைச்சாவைச் சோதிக்கும் முறை. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு நோயாளி தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் அந்தக் குழாயைக் கழற்றுவதே அபாயம்! அறை முழுக்கக் கிருமி பறக்கலாம்!

அதுவும் ஒருமுறை இல்லை. சட்டப்படி 4 டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை இரண்டு தடவை. இடையில் 6 மணி நேர இடைவெளி!

மூன்றாவது, ஆர்டி-பிசிஆர். கொரோனா இல்லை என்று வந்தால்தான் உறுப்பை எடுக்கலாம் என்பது அன்றைய விதி. முடிவு வரும்வரை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். 2020-ன் தொடக்கத்தில் சோதனை முடிவுக்கு எத்தனை நேரம் காத்திருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும்!

எடுத்த பிறகு? கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்! இதயத்துக்கு 4 முதல் 6 மணி நேரம். நுரையீரலுக்கு 6 முதல் 8. கல்லீரல் அரை நாள். சிறுநீரகம்தான் பொறுமைசாலி, ஒரு நாளைத் தாண்டியும் தாங்கும்!

நான்காவது, என் மனசை அறுத்தது. உறவினர் உள்ளே போக முடியாது! வழக்கமாக ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, அழ விட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் கேட்பார். கொரோனாவில் முகக்கவசம், தலையிலிருந்து கால்வரை பாதுகாப்பு உடை, ஆறடி இடைவெளி! எதிரில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத நிலையில், 'உங்கள் பிள்ளையின் இதயத்தைத் தருகிறீர்களா' என்று கேட்க வேண்டும். அப்படியும் 2020-ல் தமிழ்நாட்டில் 55 குடும்பங்கள் சரி என்றன! வெறும் 55 என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த 'வெறும்' எண்ணுக்குத்தான். அந்தக் குடும்பங்களுக்கு ஒரு கும்பிடு!

உத்திரமேரூரிலிருந்து சென்னை சுமார் 90 கிலோமீட்டர். தலையில் அடிபட்டவரை இங்கிருந்து ஏற்றினால் காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு, அங்கிருந்து சென்னை. மூளைச்சாவு என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். ஊரடங்கில் இந்தப் பாதை மாவட்ட எல்லைகளைத் தாண்டுகிற பாதையாகவும் மாறியிருந்தது. இ-பாஸ் ஞாபகம் இருக்கிறதா!

குடவோலைத் தேர்தல் என்றாலே உத்திரமேரூர்! 30 குடும்புகள் (வார்டுகள்), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். உறுப்புக்கான வரிசையில் குலுக்கலே கிடையாது. ரத்த வகை, உடல் பொருத்தம், பதிவு செய்த தேதி, நோயின் தீவிரம். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் கணினியில் வைத்திருக்கும் பட்டியல்தான் முடிவு செய்யும். சிபாரிசுக்கு இடமே இல்லை. சிறுநீரகத்துக்கு மட்டும் காத்திருப்பவர்கள் 7,000-க்கும் மேல்!

தமிழ்நாட்டில் இந்த இயக்கத்துக்கே உயிர் கொடுத்தது பழைய காஞ்சிபுரம் மாவட்டம்தான், தெரியுமா? திருக்கழுக்குன்றம்! 2008 செப்டம்பர் 20. பைக்கில் போன 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் சிக்கினான். அப்பா டாக்டர், அம்மாவும் டாக்டர். மகனுக்கு மூளைச்சாவு என்று தெரிந்ததும் தாங்களே முன்வந்து உறுப்புகளைத் தந்தார்கள். கேட்கும் வேலையே வைக்கவில்லை! சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயம் கிளம்பியது. போலீஸ் வழி விட்டது. எடுத்துக்கொண்ட நேரம் 11 நிமிடம்! பெங்களூரிலிருந்து வந்திருந்த 9 வயதுச் சிறுமிக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டது. சென்னை நெரிசலில் 11 நிமிடத்தில் ஒரு சிக்னலைத் தாண்டுவதே பெரிய விஷயம்!

அதே மாதம் இன்னொன்றும் பிறந்தது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கிய நாள் 2008 செப்டம்பர் 15. ஹிதேந்திரன் விபத்துக்கு வெறும் 5 நாள் முன்னால்!

இந்தச் சம்பவத்தின் சாயலில் 2011-ல் மலையாளத்தில் 'டிராஃபிக்' வந்தது. அதுவே 2013-ல் தமிழில் 'சென்னையில் ஒரு நாள்'. திருக்கழுக்குன்றத்துப் பையனின் கதை கேரளாவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது!

இன்னும் பழைய காஞ்சிபுரப் பெருமை ஒன்று, கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள்! இந்தியாவில் வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட முதல் குழந்தை எந்த ஊர்? காஞ்சிபுரம்! 1998 நவம்பர் 15, தில்லி. குழந்தைக்கு வயது 20 மாதம். கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுத்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆனது தெரியுமா? டாக்டர்!

20 மாதம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி, தில்லி, கொரோனா காலம். மாடியிலிருந்து விழுந்த ஒரு பெண் குழந்தை. அதற்கும் வயது 20 மாதம்தான். பெற்றோர் உறுப்புகளைத் தந்தார்கள். அன்றைய தேதிக்கு நாட்டிலேயே மிகச் சிறிய கொடையாளி. பயன்பெற்றவர்கள் 5 பேர்!

கொரோனா ஒரு பக்கம் உறுப்பு மாற்றை முடக்கியது. மறுபக்கம் யாரும் செய்யாத உறுப்பு மாற்றைச் செய்ய வைத்தது! கொரோனாவால் நுரையீரலை முழுக்க இழந்த ஒருவருக்குச் சீனாவின் வூசி நகரில் இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்டன. தேதி 2020 பிப்ரவரி 29. நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாள்! உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே அதற்குப் பிறகு, மார்ச் 11-ல்தான்!

அமெரிக்காவில் அதை முதலில் செய்தவர் யார்? 2020 ஜூன், சிகாகோ. அறுவை சிகிச்சை நிபுணர் அங்கித் பரத். எங்கே படித்தவர் தெரியுமா? நம்ம வேலூர் சிஎம்சி! உத்திரமேரூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்!

அந்த வேலூர் சிஎம்சியில்தான் 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது!

இந்தியாவில் கொரோனா நோயாளிக்கு முதல் நுரையீரல் மாற்று எங்கே? சென்னை! 2020 ஆகஸ்ட் 27, எம்ஜிஎம் ஹெல்த்கேர். தில்லிப் பக்கத்திலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்ட 48 வயதுக்காரர். நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தார். அவரது நுரையீரல் வேலை செய்யவே இல்லை. டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழு இரண்டு நுரையீரலையும் மாற்றியது. நுரையீரலைத் தந்தது? 34 வயதுச் சென்னைக்காரர். மூளையில் ரத்தக்கசிவு. கையெழுத்திட்டவர் அவர் மனைவி!

அதே வாரம், சென்னையில் தானமாகக் கிடைத்த இரண்டு கைகள் மும்பைக்குப் பறந்தன! 2014-ல் ரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்த இளம்பெண் அங்கே காத்திருந்தார். ஆறு வருடம் பொறுத்த பிறகு, ஊரே முடங்கிக் கிடந்த மாதத்தில், அவருக்குக் கைகள் கிடைத்தன!

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 ஏப்ரல், கியோட்டோ. கொரோனாவால் நுரையீரல் கெட்ட ஒரு பெண்ணுக்குக் கணவர் ஒரு துண்டும் மகன் ஒரு துண்டும் கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் கொரோனா நோயாளிக்கு நுரையீரல் தந்தது உலகிலேயே அதுதான் முதல்முறை. அறுவை சிகிச்சை சுமார் 11 மணி நேரம்!

கேரளாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்! 2020 மே 9. பஸ் இல்லை, ரயில் இல்லை, விமானம் இல்லை. திருவனந்தபுரத்தில் ஓர் இதயம் தயார். கொச்சியில் ஒரு நோயாளி தயார். அரசு வாடகைக்கு எடுத்திருந்த ஹெலிகாப்டரையே அனுப்பிவிட்டது!

இது திகிலூட்டும். 2020-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு கொடையாளருக்கு மூக்கில் எடுத்த சோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. நுரையீரலைப் பொருத்திய பிறகு பார்த்தால், நுரையீரலுக்குள்ளேயே கிருமி! பெற்றவர் 61 நாளில் இறந்தார். நுரையீரலைக் கையில் எடுத்த அறுவை சிகிச்சை நிபுணருக்கும் தொற்றியது. அதற்குப் பிறகுதான் நுரையீரல் தருபவருக்கு மூச்சுக்குழாயின் அடியிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயமானது!

டயாலிசிஸ்காரர்கள் கதை தனி. வாரம் மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம், வருடம் முழுவதும்! 'வீட்டிலேயே இருங்கள்' என்ற சட்டம் இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? இந்தியாவின் 19 பெரிய மருத்துவமனைகளில் ஊரடங்கின் முதல் மூன்று வாரத்தைக் கணக்கெடுத்தார்கள். 28 சதவீதம் பேர் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டார்கள். 104 பேர் திரும்ப வரவே இல்லை! உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஸ்ஸை நம்பி இருந்தவருக்கு அந்த மூன்று வாரம் என்னவாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

   

உறுப்பு பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுக்க, தினமும், வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பே அந்த உறுப்பை எதிரியாகப் பார்த்துத் தாக்கும்! ஊரடங்கில் மருந்துகளைச் சுமந்துகொண்டு போனவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நம்ம தபால்காரர்!

அந்த மாத்திரைகளின் பிறப்பிடம் எது? மண்! சைக்ளோஸ்போரின் நார்வே மலை மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ் ஜப்பான் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. ஒரு கைப்பிடி மண், லட்சக்கணக்கான உயிர்!

ஆனால் அதே மாத்திரைதான் கொரோனாவுக்குக் கதவையும் திறந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மருந்தல்லவா! நியூயார்க்கில் 2020 வசந்தத்தில் ஒரு மருத்துவமனையில் கொரோனா வந்த சிறுநீரக மாற்று நோயாளிகள் 36 பேரில் 28 சதவீதம் பேர் சில வாரங்களிலேயே இறந்தார்கள். இந்தியாவில் இதே மாதிரி 250 பேரைப் பார்த்தபோது இறந்தவர்கள் 11.6 சதவீதம்!

தடுப்பூசி போட்டால்? அங்கேதான் அடுத்த ஆச்சரியம்! உறுப்பு மாற்றிக்கொண்ட 658 பேரை அமெரிக்காவில் சோதித்தார்கள். முதல் ஊசிக்குப் பின் எதிர்ப்புப் பொருள் உண்டானது 15 சதவீதம் பேருக்கு. இரண்டாவதுக்குப் பின்னும் 54 சதவீதம்தான்! அதனால்தான் 2021 ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் மூன்றாவது ஊசியை இவர்களுக்கு முதலில் திறந்துவிட்டார்கள்!

கண் தானம் என்ன ஆனது? நம்ம ஊரில் கண்ணை எடுக்கப் பெரும்பாலும் வீட்டுக்கே வருவார்கள். கொரோனாவில் வீட்டுக்கு வருவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்! கருவிழியைச் சரியான திரவத்தில் 14 நாள்வரை வைக்கலாம். இதயத்துக்குக் கிடைக்காத சௌகரியம். இருந்தும் எடுக்கவே ஆள் வர முடியவில்லையே!

தானம் தர எனக்கு வயசாகிவிட்டது என்பவர்களா நீங்கள்? 2021 மே மாதம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒருவர் இறந்தபின் கல்லீரல் தந்தார். வயது 95! இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். 2024-ல் இன்னொரு முன்னாள் படைவீரர் அந்தச் சாதனையை முறியடித்தார். வயது 98!

பன்றி இதயம் ஒரு மனிதனுக்குள் துடித்தது எப்போது? 2022 ஜனவரி 7, அமெரிக்காவின் மேரிலாந்து. ஒமைக்ரான் உச்சத்தில் இருந்த வாரம்! அந்த மனிதர் வாழ்ந்தது 2 மாதம்!

இது பெருமைப்பட அல்ல, வெட்கப்பட. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் ஆண்களுக்குக் கிடைத்தவை 29,000-க்கும் மேல். பெண்களுக்கு 6,945! உயிரோடு இருக்கும்போதே தருபவர்களில் ஐந்தில் நாலு பேர் யார் தெரியுமா? பெண்கள்!

டயாலிசிஸுக்கு வீட்டை விட்டே போக வேண்டாம் என்றால்? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதைத்தான் செய்கிறது. வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் திரவப் பைகள், நோயாளியின் வீட்டு வாசலுக்கே!

அதே 2021-ன் டிசம்பர் 18-ல் நம்ம பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கியது 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48'. சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை, கையிலிருந்து பைசா தராமல். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வியே இல்லை!

செப்டம்பர் 23 என்ன நாள் தெரியுமா? 2008-ல் ஹிதேந்திரனின் இதயம் பயணம் செய்த நாள். அதே தேதியில், 2023-ல், உறுப்பு தானம் தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சில நாட்களிலேயே தேனி மாவட்டத்தில் முதல் மரியாதை. கூலி வேலை செய்தவரானாலும் சரி, மாலை போட அரசே வீடு தேடி வருகிறது!

இந்த எண்ணைக் கடைசிக்கென்று ஒளித்துவைத்திருந்தேன்! தமிழ்நாட்டில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்கள் 2020-ல் 55. 2021-ல் 60. பிறகு 2022-ல் 156. 2023-ல் 178. 2024-ல்? 268! இந்தியாவிலேயே முதலிடம்! கொரோனாவுக்கு முந்தைய 2019-ஐப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!